திருவதிகையிலிருந்து பிச்சாவரம் வரை

பண்ணுருட்டிக்கு அருகே கெடில ஆற்றங்கரையில் உள்ள திருவதிகையைச் சைவ அன்பர்கள் அறிந்த அளவுக்கு நம்மவர்கள் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. திருநாவுக்கரசரின் வாழ்வோடு பிணைந்த ஊர் அது. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அவர் மிதந்து வந்து கரையேறியதாகச் சைவ மரபு கூறும் இடம், அதே கெடிலத்தின் போக்கில் கீழே சென்றால் திருப்பாதிரிப்புலியூரை அடுத்து இருக்கிறது. கரையேறவிட்டகுப்பம் என்பதே இன்றும் அதன் பெயர். இன்று அவ்வூரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் அந்தப் பெயர் ஓர் உண்மையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நம் பகுதியில் கடல் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுவது எளிதன்று.

முந்திரித் தோப்புக்கும் பலாத் தோப்புக்கும் நடுவே வாழும் பண்ணுருட்டி வட்டாரத்து மக்களுக்குக் கடலின் ஏற்றவற்றம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கள்ளக்குறிச்சிப் பகுதியில் பிறந்து திருவதிகையைக் கடந்து வரும் கெடிலம், கடலூரில் தேவனாம்பட்டினத்தருகே கடலைச் சேர்கிறது. மழைக்காலத்து வெள்ளம் அங்கே விரைந்து வடிய வேண்டுமாயின், கடல் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். முகத்துவாரத்தில் நீரேற்றமாக இருக்கும் வேளையில் ஆற்று நீர் தயங்கி நிற்கும். வற்றும் வேளையில் ஓடும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது அமாவாசை. கடல் தன் பெரிய ஓதத்தில் இருந்த அந்த நாட்களில்தான் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. வெள்ளத்துக்குப் பெருமழையும் அணை நீரும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வந்த நீர் எத்தனை நாள் தங்கும் என்பதில் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதை நேரில் கண்டறிய விரும்பி, எங்கள் மறைக்கல்வி வகுப்பு மாணவர் சிலருடன் ஒரு பௌர்ணமி நாளில் பிச்சாவரம் சென்று வந்தோம். கையில் ஓத அட்டவணையும், அப்பகுதியின் நீர்வழிகளைக் காட்டும் வரைபடமும், செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றும் இருந்தன.

பண்ணுருட்டியில் பயணிகள் ரயிலில் ஏறினால் நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்கள் வரும். ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அவ்விடம் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், படித்தவர் சிலரே. மாணவர்கள் அந்த எண்களைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். கடலை நெருங்க நெருங்க எண் சிறுத்துக்கொண்டே வந்தது. பாடப் புத்தகம் தராத ஒரு பாடம் அது. நம் மாவட்டம் மேற்கிலிருந்து கிழக்கே எவ்வளவு மெல்லச் சாய்ந்திருக்கிறது என்பது அந்தப் பலகைகளிலேயே விளங்கிவிடுகிறது.

கடலூரைக் கடக்கையில் அவர்களுக்கு வேறொரு வரைபடத்தின் கதையைச் சொன்னேன். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழும் தொலைவு வரை உள்ள நிலமெல்லாம் வாங்கியவர்க்கே என்பது உடன்படிக்கை. அவ்வாறு கைமாறிய ஊர்களின் நினைவாகக் குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மக்களைக் கேளாமல் பீரங்கி வரைந்த எல்லை அது. அந்தக் கோட்டைக்குச் சூட்டப்பட்ட பெயர் புனித தாவீது கோட்டை!

கடல் தன் எல்லையை ஒவ்வொரு நாளும் இருமுறை முன்னும் பின்னுமாக நகர்த்துகிறது. ஒரு நீரேற்றத்திற்கும் அடுத்த நீரேற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆதலால் இன்று காலை எட்டு மணிக்கு ஏறிய நீர் நாளைக் காலை எட்டே முக்கால் மணிக்கும் பிந்தியே ஏறும். சந்திரன் நாள்தோறும் பிந்தி உதிப்பதே இதற்குக் காரணம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் பெரிது. அட்டமியை ஒட்டி அவை குறுக்காக இழுப்பதால் சிறிது.

இதை முதன்முதல் கணக்காக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் துறவி என்பதை நம் குடும்பங்கள் அறிவது நல்லது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஆசிரமத்தில் வாழ்ந்த புனித பீட், 725-இல் எழுதிய காலக் கணிப்பு நூலில், ஓதம் நாள்தோறும் சுமார் 48 நிமிடம் பிந்துவதைக் குறிப்பிட்டார். அதனினும் முக்கியமாக, ஒரே கரையில் உள்ள துறைகளுள் ஒவ்வொன்றுக்கும் ஓத நேரம் வேறு என்றும் கண்டு எழுதினார். 1899-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பூமி சுழல்வதைச் சரியாக வாதிட்ட கலிலேயோ, ஓதத்திற்குச் சந்திரன் காரணம் அன்று என்று 1632-இல் தவறாக வாதிட்டார் என்பது ஒரு வேடிக்கை. அவர் திறத்தில் நம்மவர் இழைத்த தவறு இதனினும் பெரிது என்பதால், நாம் அதிகம் சிரிப்பதற்கில்லை.

புனித பீட் இக்கணக்கில் இறங்கியதற்குக் காரணமே உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் குறிக்கும் கணிப்புதான். மார்ச்சு 21-ஆம் நாளிலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. ஆகவே புனித வாரத்தில் எப்போதும் முழுநிலவு இருக்கும். கடலும் தன் பெரிய ஓதத்தில் இருக்கும். ஆனால் நம் கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பருவக்காற்றும் நீரோட்டமும் ஆற்று நீரும் சேர்ந்து, வங்கக் கடலின் மட்டத்தையே ஆண்டுக்கொரு முறை ஏற்றி இறக்குகின்றன. பங்குனி, சித்திரையில் கடல் தாழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சாணுக்கும் மேலாக உயர்ந்திருக்கும். எனவே புனித வாரத்துப் பௌர்ணமியில் எட்டாத தரையை, ஐப்பசிப் பௌர்ணமியில் நீர் எட்டிவிடும். இதைப் பின்னால் மறக்காதிருக்க வேண்டும்.

இந்தியாவில் ஓதத்தை முறைப்படி அளக்கத் தொடங்கியது 1877-இல், இந்திய நில அளவைத் துறையால். 1879-இல் இந்தியத் துறைமுகங்களின் ஓதங்களை முன்கூட்டிக் கணிப்பதற்கென்றே, கப்பிகளும் பற்சக்கரங்களும் கொண்ட ஓர் எந்திரம் இலண்டனில் செய்யப்பட்டது. சூரிய சந்திரரின் இழுப்புகளை ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே சுமக்க, எழுதுகோல் அவற்றின் கூட்டுத்தொகையைக் காகிதத்தில் வரையும். அந்நாளில் வைத்த ஓதமானிகள் விரைவிலேயே வேறொரு பயனும் தந்தன. 1881 டிசம்பர் 31-இல் நிக்கோபார்ப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையை, சிறிதாயினும், வங்கக் கடற்கரையின் ஓதமானிகள் எழுதி வைத்தன. அந்த எழுத்து ஏட்டிலேயே உறங்கிற்று. இன்று அட்டவணை வெளியிடும் நில அளவைத் துறையின் ஓதப் பிரிவும், கடற்படங்கள் தயாரிக்கும் தேசிய நீர்ப்பரப்பு ஆய்வு அலுவலகமும் இருப்பது, கடலையே காணாத தேராதூன் மலையடிவாரத்தில்!

கடற்படத்தைப் படிக்கும் முறை கடினமன்று. படத்தில் நீர்வழியின் மேல் எழுதியுள்ள எண், கடல் மிகத் தாழ்ந்திருக்கும்போது அங்கே நிற்கும் ஆழம். அட்டவணை தரும் எண், குறித்த வேளையில் அதற்கு மேல் ஏறி நிற்கும் நீர். இரண்டையும் கூட்டினால் படகின் கீழ் உள்ள ஆழம் வந்துவிடும். படத்தில் 0.3 மீட்டர், அட்டவணையில் 0.8 மீட்டர் என்றால் 1.1 மீட்டர். அடிக்கோடிட்ட எண்கள் வேறு வகை. அவை நீர் வற்றும்போது வெளியே தலைகாட்டும் திட்டுகளின் உயரம். அவற்றைக் கழிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ரயில் நிலையப் பலகையின் சுழியம் சராசரிக் கடல் மட்டம், கடற்படத்தின் சுழியம் அதற்கும் கீழே உள்ள தாழ்நீர் மட்டம். இரண்டையும் குழப்பினால் படகு சேற்றில் அமர்ந்துவிடும். திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில், புனித பவுல் சென்ற கப்பலின் மாலுமிகள் நள்ளிரவில் ஈயக்குண்டை இறக்கி, முதலில் இருபது பாகம், சற்றுத் தொலைவில் பதினைந்து பாகம் என்று கண்டதையும், பாறையில் மோதுவோம் என்று அஞ்சி நங்கூரமிட்டதையும் வாசகர் நினைவுகூரலாம். கையை விரித்து அளக்கும் அந்தப் பாகக் கணக்கு நம் மீனவரிடையேயும் வழங்குவதே.

கிள்ளையில் இறங்கிப் பிச்சாவரம் படகுத்துறையை அடைந்தோம். வெள்ளாற்றின் முகத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துக்கும் இடையே, சுமார் 1,100 எக்டேர் பரப்பில், 51 சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது அந்த அலையாத்திக் காடு. 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீர்வழிகளின் ஆழம் ஒரு முழத்திலிருந்து 3 மீட்டர் வரை. சின்னவாய்க்கால் என்னும் முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே வந்து போகிறது. குசராத்தின் பவநகரில் பனை உயரம் என்று சொல்லத்தக்க 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் கடல், இங்கே இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப வெறும் 15 முதல் 100 சென்டிமீட்டர் அளவே ஏறி இறங்குகிறது. இவ்வளவுதானா என்று மாணவன் ஒருவன் கேட்டான். இவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் நான்கு விரல் உயரமும் இங்கே பெரிய செய்தி என்றேன்.

பௌர்ணமி, அமாவாசை நாட்களில் நம் கரையில் நீரேற்றம் காலை எட்டு, ஒன்பது மணியை ஒட்டி வரும். துறையில் ஒரு மூங்கில் கழியை ஊன்றி, சாண் சாணாகக் கயிற்று முடிச்சிட்டு வைத்தோம். அட்டவணை சொன்ன நேரம் கடந்து வெகுநேரம் ஆன பின்னரே கழியில் நீர் இறங்கத் தொடங்கிற்று. குறுகிய முகத்துவாரத்தில் நுழைந்து, வளைந்து வளைந்து வரும் வாய்க்கால்களில் உராய்ந்து, நீர் துறைக்கு வந்து சேரக் காலம் பிடிக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் தனி நேரம் என்று புனித பீட் எழுதியதை, ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து, ஒரு மூங்கில் கழி எங்களுக்குக் காட்டியது. படகோட்டிக்கு இது எதுவும் புதிதன்று. அட்டவணையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சாமி, பிறையைப் பார்த்தாலே போதுமே” என்றார்.

காட்டுக்குள் துடுப்புப் படகு நுழைந்ததும் வெயில் மறைந்தது. கரையோரத்தில் சுரபுன்னை மரங்கள் விழுதுபோன்ற வேர்களை நீருக்குள் ஊன்றி நிற்கின்றன. அவற்றின் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குகிறது. வற்றிய நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். ஏறிய நேரத்தில் விழுந்தால் மிதந்து வேறிடம் சேரும். சுரபுன்னைக்குப் பின்னே சற்று மேடான தரையில் வெண்கண்டல். சேற்றிலிருந்து விரல்களைப்போல் மேல்நோக்கி நீட்டிய அதன் வேர்கள் காற்றை உறிஞ்சுகின்றன. அதற்கும் பின்னே, நீர் எப்போதாவது எட்டும் உவர்த்தரையில் உமிரிச் செடி. அங்கங்கே தில்லை மரமும் உண்டு. பட்டால் கண்ணைக் கெடுக்கும் பால் கொண்ட இம்மரமே சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைக் கொடுத்தது. எந்த மரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே, நீர் நாள்தோறும் எட்டும் இடம் எது, பௌர்ணமிக்கு மட்டும் எட்டும் இடம் எது என்று சொல்லிவிடலாம். கையிலிருந்த வரைபடத்தைக் காட்டோடு ஒப்பிட்ட மாணவர்கள், காட்டை நம்பினார்கள்; சரியாகவே நம்பினார்கள்.

ஆனால் இந்தக் காடு ஒரு காலத்தில் பெரும்பகுதி அழிந்துகொண்டிருந்தது. விறகுக்கும் மரத்துக்குமாகப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டி, மீண்டும் தானே வளரும் என்று விட்டுவிடும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடம் வளரவில்லை. ஊர்க்காரர் ஆடு மாடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஏழை மீது பழி சுமத்துவது எப்போதும் எளிது. சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் ஆராய்ந்தபோது வேறு காரணம் வெளிப்பட்டது. நிழல் போனதும் வெயில் பட்ட களிமண் நீரிழந்து சுருங்கி, தரை தாழ்ந்து தட்டுப்போல் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. கோடையில் கடல் மட்டமும் தாழ்ந்திருப்பதால் புதுநீர் எட்டவில்லை. தேங்கிய நீர் வற்றி உப்பு ஏறி, எந்த விதையும் பிழைக்காமல் போயிற்று. காட்டைக் கொன்றது சில அங்குலப் பள்ளம்.

மருந்தும் அதே அளவில்தான் இருந்தது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, குழிந்த தரையின் நடுவே ஒரு தாய் வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது புதுநீர் வந்தது. வற்றும்போது உப்பை வாரிக்கொண்டு போயிற்று. வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் இன்று அந்த மீன்முள் கோடுகளைப் பசுமைக்கு நடுவே காணலாம். எங்கள் மாணவர்கள் படத்தில் கண்டுபிடித்ததும் முதலில் அதையே. வாய்க்காலில் வண்டல் படியாமல் அவ்வப்போது தூர் வாரினால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்.

இந்தக் கழியில் இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைக் கண்டோம். வலையும் இல்லை, படகும் இல்லை. நீர் எவ்வளவு நேரம் தாழ்ந்திருக்கும் என்பதே அவர்களுடைய நாட்கூலி. ஓத அட்டவணை என்பது சிலருக்குப் பயணத் துணை; அவர்களுக்கு அது அன்றைய சோறு.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றிச் சொல்லாமல் இக்கரையைப் பற்றி எழுத முடியாது. அன்று ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள், பௌர்ணமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கழிக்கும் கடலுக்கும் இடையிலான மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் சிதைந்தன. காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் இராசேந்திரனும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, மரங்கள் காத்தன என்று 2005-இல் எழுதினார்கள். அதே கணக்குகளை எடுத்துப் பார்த்த வேறு சில அறிஞர்கள், ஊர் கடலிலிருந்து இருக்கும் தொலைவும் தரையின் உயரமுமே பெரிதும் காரணம், மரத்தின் பங்கு அவ்வளவு தெளிவில்லை என்று மறுத்தார்கள்.

நம் மேடைகளில் முதல் கூற்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. காட்டைக் காக்க அது உதவுமாயின் நன்றுதான். எனினும் மறுத்தவர் சொன்னதை ஒதுக்கிவிட்டால், நாளை ஒருவர் நான்கு வரிசை சவுக்கு நட்டுவிட்டு அதன் பின்னே தாழ்ந்த மணலில் வீடு கட்டி, காப்பு இருக்கிறது என்று உறங்கிவிடுவார். மரமும் வேண்டும், மேடும் வேண்டும், ஓடும் வழியும் வேண்டும். 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது; ஓதமானிகளும் ஆழ்கடல் மிதவைகளும் அதற்கு நொடிக்கு நொடி செய்தி தருகின்றன. எச்சரிக்கை வந்தபின் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அம்மையம் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல இயலாது. கரையோரப் பங்குகளில் கோயில் முற்றம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், பள்ளிக்கூட மாடி எத்தனை மீட்டர், அங்கே செல்லும் பாதையில் பள்ளம் எங்கே என்பதை அன்பியக் குழுக்களே அளந்து கோயில் சுவரில் எழுதி வைக்கலாம். ஒரு நிலஅளவை மாணவனும் ஒரு நாள் உழைப்பும் போதும்.

பிச்சாவரம் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் பகலில் கிடைக்கும். வேரெல்லாம் தெரியக் காட்டைக் காண வேண்டுமானால், பௌர்ணமியோ அமாவாசையோ ஒட்டிய நாளில் நண்பகலுக்குப் பின் செல்க. அப்போது நீர் வற்றியிருக்கும். படகு குறுகிய கிளைகளிலும் நுழைய வேண்டுமானால், அதே நாட்களில் காலையிலேயே செல்க. அட்டமியை ஒட்டிச் சென்றால் நடுப்பகலில் நீர் நிறைந்திருக்கும். ஆனால் ஏற்றவற்றம் கண்ணுக்குப் புலப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு அஞ்சாதவர்க்கு, உமிரித் தரை வரை நீர் ஏறும் காட்சி கிடைக்கும்.